முப்பத்தெட்டு மஞ்ச முடிப்பு

இல்ல பாய், டிக்கெட்டெல்லாம் எடுத்தாச்சு. வாடிப்பட்டிக்கு. ஏறுறதா வேணாமான்னுதேன் தெரியாம நிக்கிறேன். நீங்க திண்டுக்கல்லா? கொஞ்சம் நகந்து ஒக்காருங்க, நானும் ஒக்காந்துக்கிறேன். விடியக்காலம் ஏழு மணியிலருந்து நின்னுக்கிட்டே இருக்கேன், காலு ரெண்டும் மரக்கட்டையாட்டம் ஆகிப் போச்சு.

எங்கயா? ஓட்டு எண்ணுற எடத்துலதேன். இந்தா, இந்தக் கதரு துண்டப் பாத்தாத் தெரியல? தூ, கழட்டி மடியில வச்சிருக்கணும். இன்னைக்கு இதத் தோளுல போட்டிருக்கவே அருவருப்பா இருக்கு.

நம்ம கச்சிதேன் பாய். மஞ்சப் பெட்டி. பச்சைப் பெட்டி நெல்லு மில்லு மொதலாளி. ஒங்க முஸ்லிம் ஜனத்துக்குத்தேன் தனித் தொகுதி, தனி ஓட்டுன்னு வச்சிட்டாய்ங்களே, இங்க நடக்குற கூத்து ஒங்களுக்கு எப்பிடித் தெரியும். எங்காளுக படிக்கத் தெரியாதவுக. அதுனால பேரும் இல்ல, எழுத்தும் இல்ல, ஆளுக்கு ஒரு கலரு பெட்டி. தெரைக்குப் பின்னாடி போயி, குடுத்த சீட்ட புடிச்ச பெட்டிக்குள்ள போட்டுட்டு வரணும். அம்புட்டுத்தேன்.

எனக்கா? எனக்கு ஏது பாய் ஓட்டு. தீர்வை கட்டுறவனுக்குத்தேன ஓட்டு. ஓட்டு இல்லாத பய நாந்தேன் ரெண்டு மாசமா எங்கூருப் பக்கம் வீடு வீடா ஏறி எறங்குனவன். நல்லகாமன்னு சொன்னா ஒரு நாயி கொலைக்காது, அம்புட்டுப் பழக்கம். மில்லுக்காரன் கெடா வெட்டிக் கறிச்சோறு போட்டான். பச்சை முண்டாசு கட்டிக்கிட்டு வரிசையா ஒக்காந்து திண்டாய்ங்க. இன்னைக்கு எண்ணுற எடத்துல பாக்குறேன், அதே பயலுக மஞ்சத் துண்டு போட்டுக்கிட்டு எனக்கு முன்னாடி நிக்கிறாய்ங்க. என்னடா மாப்ளன்னா, யாரு ஜெயிப்பாகன்னு தெரியலண்ணே, ரெண்டையும் கொண்டாந்திருக்கோம்ங்கிறான். இடுப்புல பாத்தா பச்சையச் சுருட்டிச் சொருகி வச்சிருக்கான். கருமம்.

ஜெயிக்கிறதா? அதச் சொல்லத்தேன வாரேன். இப்பைக்கு நம்ம ஆளு இருவத்திரெண்டு ஓட்டு கம்மி. ஆனா எங்கூரு ஓட்டு முப்பத்தெட்டு எண்ணாமக் கெடக்கு. அத்தனையும் மஞ்சப் பெட்டிக்குள்ள இருந்து எடுத்தது. அத எண்ணுனா பதினாறு ஓட்டுல ஜெயிப்பு. எண்ணலன்னா நாமம்.

ஏன் எண்ணலயா? சொன்னா நீங்களும் சிரிப்பீக. சிரிங்க, ஒங்க மேல கோவப்பட மாட்டேன். இன்னைக்குச் சிரிக்காத ஆளு பாக்கி இல்ல.

எங்கூருப் பெட்டியத் தொறந்து மேசையில கவுத்தாக பாய். சீட்டு விழும்னு பாத்தா, தொப்பு தொப்புன்னு மஞ்சத்துணி முடிப்பு விழுகுது. முப்பத்தெட்டு. மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டு முடிஞ்சு வப்பாகள்ல, மஞ்சத் தண்ணில நனைச்ச துணியில காசு வச்சு, அதே மாதிரி. உள்ள அரையணாக் காசு, அதச் சுத்தி ஓட்டுச் சீட்டு, சீட்டு பூராம் மஞ்சக்கறை. அந்தச் சின்ன ஓட்டைக்குள்ள எப்பிடித்தேன் திணிச்சாய்ங்களோ. குச்சி வச்சுக் குத்தி எறக்குனாராம் விருமாண்டி சித்தப்பா.

யாரு சொல்லிக் குடுத்ததா? நாந்தேன். வேற யாரு. ஆனா நான் அப்பிடிச் சொல்லல பாய், சத்தியமா. கலரு மறந்துறக் கூடாதேன்னு, மஞ்சள்னா நம்ம மாரியாத்தா கலரு, அவ உண்டியல்ல போடுற மாதிரி நெனைச்சுப் போடுங்க, நல்லது நடக்கும்னு சொன்னேன். ஊருக்கு ஊரு அதத்தேன் சொன்னேன். மத்த ஊருக்காரன் நெனைச்சுப் போட்டான். எங்கூருக்காரன் நேந்தே போட்டுட்டான். உண்டியல்ல வெறுங்காயிதத்தப் போட்டா ஆத்தா கோவிச்சுக்கிற மாட்டாளான்னு பேசி முடிவு பண்ணிருக்காய்ங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேக்கவும் கூடாதாமே, நேத்திக்கடன வெளிய சொன்னாப் பலிக்காதாம்.

சிரிச்சிட்டீகளா? பரவால்ல.

அந்த ஆபீசரு இருக்காரே, ஒவ்வொரு முடிப்பா அவுக்குறாரு. உள்ள காசு மட்டும் இல்ல பாய். ஒண்ணுல புள்ளையோட மொத முடி. ஒண்ணுல தகரத்துல தட்டுன கண்ணு, எங்கூரு கருத்தக்கண்ணனுக்குப் பார்வை மங்கிக்கிட்டு வருது, அவுகளோடதாத்தேன் இருக்கும். ஒண்ணுல மாட்டுக் கொம்புத் தூளு. எந்த மாட்டுக்கு என்ன சீக்கோ. அந்தாளு பென்சிலு முனையில தூக்கித் தூக்கிக் காட்டுறாரு. குமாஸ்தா சிரிக்கிறான், போலீசுக்காரன் சிரிக்கிறான், மில்லுக்காரனோட ஆளுக வயித்தப் புடிச்சுக்கிட்டு உருளுறாய்ங்க. சரி, அவிங்க எதிரி. எங்க வக்கீலய்யா, மஞ்சப் பெட்டிக்கு நிக்கிறவுக, நாங்க யாருக்காக நாயா அலஞ்சமோ அந்த மகராசன், அவுகளும் சேந்து சிரிக்கிறாக பாய். கண்ணுல தண்ணி வர. எங்கூருக்கு வந்தப்ப இதே ஆளுதேன் எங்க கையப் புடிச்சுக்கிட்டு, நீங்கதேன் தேசம், ஒங்க காலடி மண்ணுதேன் எனக்குத் திருநீறுன்னு பேசினாக. பொம்பளைகள்லாம் அழுதுச்சுக.

அப்பறம் மில்லுக்காரனோட வக்கீலு எந்திரிச்சான். இது அடையாளம் வச்ச சீட்டு, யாரு யாருக்குப் போட்டான்னு தெரியிறதுக்காகப் பேசி வச்சுப் பண்ண சூது, செல்லாதுங்கிறான். ஆபீசரு யோசிச்சாரு. அடையாளத்துக்காக இல்லன்னு நிரூபிச்சா எண்ணுறேன். அந்த ஊருல ஓட்டுக் கேட்ட ஆளு எவனோ அவன் எம்முன்னாடி வந்து சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும், ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பாப்பேன், அதுக்கு மேல முடிவச் சொல்லிருவேன்னுட்டாரு.

இப்ப மணி என்ன பாய்? பத்தேகாலா. கடைசி வண்டி பத்து நாப்பதுக்கு.

அதத்தேன் எல்லாரும் கேக்குறாக. போயி ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வர வேண்டியதுதேனன்னு. வக்கீலய்யா என்னைய மூலைக்குக் கூட்டிட்டுப் போயி என்ன எழுதணும்னு சொன்னாக தெரியுமா? எங்க ஊரு ஜனங்க அறிவில்லாதவர்கள், பெட்டிக்கும் சாமிக்கும் வித்தியாசம் தெரியாத மூடர்கள்னு எழுதணுமாம். அப்பத்தேன் எடுபடுமாம். எழுதியே வச்சிட்டாக, நல்ல முத்து முத்தான எழுத்து. கீழ நான் பேரு போட வேண்டியதுதேன். ஏய்யா, ரெண்டு மாசம் தேசம்னு சொன்ன ஆளுகள ஒரே நாள்ல மூடர்னு எங்கையால எழுதி வாங்குறீகளேன்னேன். சட்டம் அப்பிடிடா தம்பி, ஒரு ராத்திரிக்குத்தேன், யாரு படிக்கப் போறாங்கிறாக. சொல்லிட்டு இட்லிப் பொட்டணத்தப் பிரிச்சுத் திங்கிறாக. காலையிலருந்து எங்களுக்கு ஒரு வாய்த் தண்ணி இல்ல. தண்ணி குடிச்சிட்டு வாரேன்னு சொல்லிட்டு வெளிய வந்தேன், நடந்தேன், இங்க வந்து டிக்கெட்டு எடுத்தேன்.

முறுக்கா? குடுங்க. ஒண்ணு போதும்.

இல்ல பாய், ரோசம் மட்டும் இல்ல. ரோசம்னா அந்த வரிய அடிச்சிட்டு வேற எழுதுங்கன்னு சண்டை போட்டிருப்பேன். நான் சண்டைக்குச் சளைச்சவன் இல்ல, கள்ளுக்கடை மறியல்ல மண்டை ஒடைஞ்ச தழும்பு இந்தா இருக்கு. ஜெயிக்கக் கூடாதுன்னும் இல்ல. ஜெயிச்சாச் சந்தோசந்தேன். சந்தோசமா இருக்க வேண்டிய பய.

அந்த முடிப்பு ஒண்ணுல ஒரு பித்தான் இருந்துச்சு பாய்.

பித்தளைப் பித்தான். பட்டாளத்துக் கோட்டுல தச்சிருப்பாகள்ல, அது. காசு இல்ல, முடி இல்ல, பித்தான் மட்டும். சீட்ட நாலா மடிச்சு அதுக்குள்ள வச்சிருக்கு. ஆபீசரு அதப் பென்சிலால ஒரு சுண்டு சுண்டுனாரு, மேசையில பம்பரமாச் சுத்துச்சு. ராணுவமும் மஞ்சப் பெட்டி பக்கம்னாரு. அதுக்குத்தேன் எல்லாரையும் விட அதிகமாச் சிரிச்சாய்ங்க. நானும் சிரிச்சேன். சிரிச்ச பெறகுதேன் தெரிஞ்சுச்சு, அந்தப் பித்தான நான் பொறந்ததுலருந்து பாத்துக்கிட்டு இருக்கேன்னு. எங்க வீட்டு அரிசிப் பானையில கெடக்கும்.

எங்கண்ணனோடது. பேரு காளை. வெள்ளக்காரன் பட்டாளத்துல பஸ்ராச் சண்டைக்குப் போனவுக. நான் அப்ப கைப்புள்ளை, மொகம் தெரியாது. லீவுல வந்தப்ப கோட்டுல அந்துபோன பித்தான், தச்சுத் தாரேன்னு எங்காத்தா வாங்கி வச்சிருக்கு, தைக்கிறதுக்குள்ள கெளம்பிட்டாக. இருவது வருசம் ஆச்சு. ஒடம்பு வரல, செத்துட்டாகன்னு காயிதம் வந்துச்சு. அப்பறம் மாசா மாசம் சர்க்காரு பென்சன். அந்தப் பென்சன் வாங்குற தாயாருக்கு இந்தத் தடவை ஓட்டு உண்டுன்னு சட்டமாம். எங்கூருல ஓட்டு இருக்குற ஒரே பொம்பள எங்காத்தா இருளாயிதேன். எம்புட்டுப் பெருமையாக் கூட்டிட்டுப் போனேன் தெரியுமா, வண்டி கட்டி.

ஆமா பாய். செத்ததுக்காகக் குடுத்த சீட்டு. அதுலயே முடிஞ்சு போட்டு, அவன அனுப்பி விடுன்னு கேட்டிருக்கு.

இத்தன வருசம் ஒரு வார்த்தை பேசுனதில்ல. கண்ணு கலங்குனதில்ல. மறந்துருச்சுன்னு நெனைச்சேன். நேத்து ராத்திரி சோறு போட்டுக்கிட்டே, ஏண்டா நல்லா, மஞ்சப் பெட்டி ஜெயிச்சா ராத்திரியே தெரிஞ்சிருமான்னு கேட்டுச்சு. தெரிஞ்சிரும் ஆத்தான்னேன். மதுரையிலருந்து கடைசி வண்டி எப்ப வரும்னு கேட்டுச்சு. நமக்குத்தேன் சோறு எடுத்து வைக்கக் கேக்குதுன்னு நெனைச்சு, நீ படு, நான் எப்ப வருவேனோன்னு சொன்னேன். ஒன்னையக் கேக்கலன்னுச்சு. அப்பவும் எனக்கு ஒறைக்கல.

நல்லது நடக்கும்னு நாந்தேன சொன்னேன்.

இப்பச் சொல்லுங்க பாய். நான் கையெழுத்துப் போட்டா மஞ்சப் பெட்டி ஜெயிக்கும். எங்காத்தா கேட்டதுக்கு மாரியாத்தா குடுத்துட்டான்னு அர்த்தம். நாளைலருந்து எங்காத்தா வண்டி தவறாம டேசன்ல நிக்கும். போடலன்னா, பெட்டி ஏமாத்திருச்சுன்னு பித்தானத் திரும்பப் பானையில போட்டுட்டுச் சும்மா இருக்கும். பித்தானா? அங்கதேன் கெடக்கு. மைக்கூட்டுக்குப் பக்கத்துல, வெத்தலைக் காம்போட. காலையில குப்பையோட அள்ளிருவாய்ங்க.

ஆமாமா. அது வாஸ்தவந்தேன். மத்த முப்பத்தேழு பேரும் ஆளுக்கு ஒண்ணு கேட்டுத்தேன் போட்டிருக்காக. எங்காத்தா ஒண்ணுக்காக அவுக சீட்டயும் குப்பையில போடச் சொல்ல நான் யாரு.

வண்டி வருது பாருங்க. வெளிச்சம் தெரியுது.

இல்ல, நான் ஏறல. போயி அந்த மூடர்ங்கிற வரிய அடிக்கச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுறேன். அடிக்கலன்னா மேசைய ஒடைக்கிறேன். அந்தப் பித்தான வாங்காம அந்த எடத்த விட்டு நகர மாட்டேன்.

நீங்க ஏறுங்க, மூட்டைய நான் தூக்கி விடுறேன். ஒரு ஒத்தாசை பண்ணணும் பாய். வாடிப்பட்டியில வண்டி ரெண்டு நிமிசம் நிக்கும். எறங்க வேணாம், சன்னல் பக்கமா ஒக்காந்துக்கங்க. வெளக்குக் கம்பத்துக்குக் கீழ ஒரு அம்மா நிக்கும். ஒசரமா இருக்கும், செவப்புக் கண்டாங்கிச் சேலை. எறங்குற ஒவ்வொரு ஆளு மொகத்தயும் பாத்துக்கிட்டு நிக்கும். என்னையத் தேடாது, அதுனால எம்பேரச் சொன்னாலும் திரும்பாது. இருளாயம்மான்னு கூப்புடுங்க. ஜெயிச்சாச்சான்னு கேக்கும்.

இன்னும் எண்ணிக்கிட்டே இருக்காகன்னு சொல்லிருங்க பாய். அம்புட்டுச் சொன்னாப் போதும். நாளைக்கு நானும் போயி அதத்தேன் சொல்லப் போறேன்.