தன் ஆளையே தொட்டவர்

எனக்கு மேடையில பேசத் தெரியாதுய்யா. படிப்பு ஆறாப்போட நின்னுட்டு. ஆட்டம் தொடங்குமுன்ன கோப்பையைக் கமிட்டிக்காரங்ககிட்ட குடுத்துட்டு இறங்கிரலாம்னுதான் வந்தேன். ஆனா ஆடப்போற உங்களைப் பாத்ததும்... ஒரு கதை இருக்கு, சின்னதுதான், சொல்லிட்டுப் போயிருதேன்.

இந்தக் கோப்பையில நயினார்னு பேரு போட்டிருக்கே... எங்க வீட்டுக்காரர். மீசை முளைக்கும் முன்ன ஊர் டீமுக்குக் கபடி பாடிப் போனவரு. எத்தனை ஊரு, எத்தனை மண்ணு! குத்துவிளக்கு கொண்டாந்தாரு, கிடா கொண்டாந்தாரு, ஒருக்க பீரோவே கொண்டாந்தாரு. வேலை மட்டும் வரல. "ஜில்லாவுக்கு ஆடு, போலீஸ்ல எடுத்துருவாங்க"ன்னாங்க. ஆடுனாரு. "ஸ்டேட்டுக்கு ஆடு"ன்னாங்க. அதையும் ஆடுனாரு... உப்பளத்துல மூட்டை தூக்கிக்கிட்டே ஆடுனாரு.

கடைசியா ஆடுனது இதே மண்ணுல. எதிராளி ஒருத்தன் முழங்கால் அவரு காதுக்குப் பின்னால இடிச்சிட்டு. அவுட்டு. வெளிய வந்து உக்காந்தாரு. நான் கயிறுக்கு இந்தப் பக்கம் நிக்கேன். பாக்கேன்... அவருக்கு நோவுறது இடது முட்டி. முட்டிக்குப் போடுற உறையை வலது கால்ல மாட்டுதாரு!

"கோச் அண்ணாச்சி, அவரைப் பாருங்க, ஆளு சரியில்ல!"ன்னு கத்துனேன்.

"சும்மா நில்லு தாயி. நயினாருக்கு இதெல்லாம் கொசுக்கடி."

அதுக்குள்ள நம்ம பய ஒருத்தன் பாயிண்ட் எடுத்துட்டான். எடுத்தா, அவுட்டான ஆளு ஒருத்தர் உள்ள போலாம்லா? ஊரே கத்துது... "நயினார் உள்ள போ! நயினார் பாடிப் போ!"

போனாரு. நடுக்கோடு வரைக்கும் போனாரு. நின்னாரு. அப்படியே திரும்புனாரு... "கபடி கபடி கபடி"ன்னு நம்ம ஆளுகளைப் பாத்தே வாராரு! ஒருத்தர் தோளைத் தொடுதாரு. இன்னொருத்தர் கையைத் தொடுதாரு.

என்ன செஞ்சீங்க? ஊர்க்காரங்களா, சொல்லுங்க... என்ன செஞ்சீங்க?

சிரிச்சீங்க.

"மாப்ள, நாங்கடே! எதிராளி அங்க நிக்கான்!"ன்னு கூட ஆடுன அருள்தாஸ் அண்ணன் வயித்தைப் பிடிச்சிட்டுச் சிரிச்சாரு. விசில் அடிச்சீங்க. மைக்குல சொல்றவரு, "அண்ணன் வேடிக்கை காட்டுதாரு"ன்னாரு.

பாட்டு தேஞ்சிக்கிட்டே வந்துச்சு... கபடி... கப... மண்ணுல உக்காந்தாரு. சாஞ்சாரு.

ஆஸ்பத்திரியில டாக்டர், "தலைக்குள்ள ரத்தம்மா. அடிபட்டதும் திரும்ப ஆட விடாம இங்க கொண்டாந்திருந்தா..."ன்னாரு. என் மூஞ்சியைப் பாத்துட்டு அதோட நிறுத்திட்டாரு.

நான் யாரையும் வையலய்யா. வஞ்சா வரப்போறாரா?

தம்பிகளா, உங்க ஆட்டத்துல எவ்வளவு நல்ல சட்டம் இருக்கு பாருங்க. அவுட்டானவன் திரும்ப வரலாம். கூட ஆடுறவன் ஒரு பாயிண்ட் எடுத்தாப் போதும்... வந்திரலாம். அப்ப வெளிய உக்காருறதுல என்ன கேவலம்? தலையில அடிபட்டவன் "ஒண்ணுமில்ல"ன்னு சொன்னா நம்பாதீங்க. எந்திரிக்க விடாதீங்க. கோப்பை போனாப் போகட்டும், இந்தா, தகரம்தான் இது.

கயிறுக்கு வெளிய ஒரு பொம்பள கத்துனா, ஒரு நிமிசம் திரும்பிப் பாருங்கய்யா. அவளுக்கு ஆட்டம் தெரியாம இருக்கலாம். ஆளைத் தெரியும்.