மன்னிப்பு கிடைத்த வரப்பு

வில்லியனூரில் ரயிலேறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒருத்தி கழுத்தில் செபமாலை. இன்னொருத்தி மடியில் கத்தரிக்காய்க் கூடை.

"எங்க கொழுந்தனாருக்கு மோட்சம் உறுதியாயிடுச்சிக்கா" என்றாள் செபமாலைக்காரி.

"ஐயோ, எப்ப செத்தாரு?"

"சாவல, நல்லாத்தான் இருக்காரு. வருசத்துக்கு ஒரு சால் எங்க வரப்பத் தள்ளித் தள்ளி உழுதாரில்ல, அதப் பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லிட்டாராம். விசுவாசத்தோட கேட்டாராம், ஆண்டவரு மன்னிச்சிட்டாராம். மூஞ்சியே தெளிஞ்சி போச்சி."

"அப்ப வரப்பு?"

"அது எங்க நெலத்துலதான் கெடக்குது."

"நீ சும்மாவா இருந்த?"

"ஊர் நிர்வாகம் பாக்கற மேர் தொரகிட்ட பிராது குடுக்கறேன்னேன். ஆண்டவரே மறந்துட்டத மேருக்கு இன்னாத்துக்கு ஞாபகப்படுத்தறன்னு கேக்கறாரு."

கூடைக்காரி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள்.

"இந்த வருசம் ஏர் கட்டிட்டாரா?"

"நேத்து கட்டனாரு. இன்னொரு சால் உள்ள வந்துட்டாரு."

"மன்னிப்பு வாங்கின கையோடவா?"

"பின்ன இன்னாக்கா? அடுத்த தபா சாமியார்கிட்ட போய்ச் சொல்றதுக்கு ஏதாச்சும் வேணாமா?"