சந்துக்குள் மாட்டிய ட்ரெய்லர்

மைசூரிலிருந்து கொள்ளேகால் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்தவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்:

“என்ற சம்சாரத்துக்குச் சோத்தாங்கை எது, பீச்சாங்கை எதுன்னு தெரியாது. அதனாலதான் எங்க மாடு பொழச்சுது.”

“எப்படிங்கண்ணா?”

“மாடு கன்னு போட முடியாமத் தவிச்சுது. பிக்கப்புக்குப் பின்னால ட்ரெய்லர்ல ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பினோம். குறுக்கு வழின்னு மண்டி மொஹல்லாவுல ஒரு சந்துல நுழைஞ்சேன். முன்னால ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கறாங்க. ரிவர்ஸ்லதான் வெளிய வரோணும். நான் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிச்சாலும் ட்ரெய்லர் எதிர்ப்பக்கம் போயிச் செவுத்துல முட்டுது.”

“ட்ரெய்லர்னா அப்படித்தானுங்க.”

“இவ எறங்கிப் பின்னால நின்னா. ட்ரெய்லர் சோத்தாங்கைப் பக்கம் போகோணும்னு நெனப்பா, வாயில பீச்சாங்கைன்னு வரும். அவ கத்தினபடியே ஒடிச்சேன். நூல் புடிச்சாப்புல வெளிய வந்துட்டோம்.”

“கன்னு?”

“கெடேரி. நல்லா இருக்குது. இப்ப ஊருக்குள்ள யாரு ட்ரெய்லர் ரிவர்ஸ் எடுத்தாலும் இவளைத்தான் கூப்பிடறாங்க.”

“எங்க மச்சான் புதுசாக் கார் வாங்கியிருக்கறாருங்க. அவருக்கு ரிவர்ஸ் எடுக்கவே வர மாட்டேங்குது. அக்காவை ஒருநாள் அனுப்பறீங்களா?”

“அய்யய்யோ, காருக்கு வேண்டாம் சாமி. எங்கூட்டு இரும்பு கேட்டு அப்படித்தான் ஒடைஞ்சு போச்சு.”