முடிச்சுப் போட்ட இலை

சலாமா: ...அதை எடுக்காதீங்கக்கா, அது நேத்து வந்தது. இந்த வாளியில இருக்குறதைப் பாருங்க. காலை பஸ்ல அருஷாவுல இருந்து வந்த ரோஜா.

ஐசாரியா: ரோஜா நான் கேட்கலயே.

சலாமா: கேட்காதவங்கதான் கடைசியில ரோஜா வாங்கிட்டுப் போவாங்க.

ஐசாரியா: நல்லாத்தான் வியாபாரம் பண்றே.

சலாமா: மராங்கு மாதிரி மலை ஊர்ல பூக்கடை வச்சுட்டு வாயையும் மூடிக்கிட்டா, அப்புறம் நான் பூவைத்தான் சமைச்சுத் திங்கணும். யாருக்கு அனுப்பணும்? அதைச் சொல்லுங்க முதல்ல.

ஐசாரியா: என் தம்பிக்கு.

சலாமா: தம்பிக்கா... தம்பிக்குப் பூ அனுப்புற அக்காவை இப்பதான் பார்க்குறேன். கல்யாணமா? புது வீடா?

ஐசாரியா: ரெண்டும் இல்ல. பூவும் வேண்டாம். செடி. இசாலே இருக்கா?

சலாமா: இசாலேயா?

ஐசாரியா: ஏன், இல்லையா?

சலாமா: இல்லாம இல்ல. பின்னாடி தொட்டியில ரெண்டு மூணு நிக்குது. ஆனா அக்கா, இந்த மலையில எந்த வேலியைப் பார்த்தாலும் இசாலேதானே. அதைப் போய்க் கடையில வாங்குவாங்களா யாராவது?

ஐசாரியா: வேலி இருக்கிறவங்க வாங்க மாட்டாங்க. நான் மோஷியில வாடகை வீடு. மூணாவது மாடி. துணி காயப்போடுற கம்பிதான் என் வேலி.

சலாமா: அப்ப சரி.

ஐசாரியா: நீ எந்த ஊரு? பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சு இல்லையே.

சலாமா: டாங்கா. கடலோரம். அடுத்த வாரம் வந்தா ஒரு வருஷம் ஆகுது இங்க வந்து. இன்னும் இந்தக் குளிர் எனக்கு ஒத்துக்கல. காலையில வாளித் தண்ணியில கையை விட்டா விரல் என்னுதா ரோஜாவுதான்னு தெரியல.

ஐசாரியா: இசாலே எதுக்குன்னு தெரியுமா உனக்கு?

சலாமா: இப்பத் தெரியும்.

ஐசாரியா: இப்பன்னா?

சலாமா: வந்த புதுசுல தெரியாது. ஆடு உள்ள வராம இருக்க நட்ட செடின்னு நினைச்சேன்.

ஐசாரியா: இப்பத் தெரிஞ்சதைச் சொல்லு பார்ப்போம்.

சலாமா: பரீட்சை வைக்கிறீங்களா... தப்பு பண்ணினவங்க மன்னிப்புக் கேட்க ஒரு இலையில முடிச்சுப் போட்டு, வேற ஆள் கையில குடுத்து அனுப்பணும். தானே எடுத்துட்டுப் போகக் கூடாது. வந்தவங்ககிட்ட வாங்க மாட்டேன்னு சொல்லக் கூடாது. வாங்கிட்டா அப்புறம் மனசுல ஒண்ணும் வச்சுக்கக் கூடாது.

ஐசாரியா: வச்சுக்கிட்டா?

சலாமா: அப்படி யாரும் வச்சுக்கிட்டதே இல்லையாமே.

ஐசாரியா: இல்ல. கொலையே பண்ணிட்டு வந்தாலும், இசாலே வந்துடுச்சுன்னா எழுந்து போய் அந்த வாசல்ல நிக்கணும். எங்க ஆளுங்க அப்படித்தான்.

சலாமா: ஒரு நிமிஷம்க்கா, போன்... ஹலோ. ஆமாய்யா, பூக்கடைதான். ஆஸ்பத்திரிக்கா? பிரசவ வார்டா... அப்ப வெள்ளை வேண்டாம்யா, மாமியார் சண்டைக்கு வந்துடுவாங்க. மஞ்சள் அனுப்புறேன். அட்டையில என்ன எழுதட்டும்? 'நல்லது'... அவ்வளவுதானா? பொண்டாட்டி பிள்ளை பெத்திருக்காங்க, வெறும் 'நல்லது'ன்னா எழுதுவாங்க? ...சரி. சரிய்யா. 'ரொம்ப நல்லது.' எழுதிட்டேன்.

ஐசாரியா: தார் எஸ் சலாம் பட்டணத்துல இருந்தா?

சலாமா: எல்லா போனும் அங்க இருந்துதான். பெத்தவங்களை மலையில விட்டுட்டுப் பிள்ளைங்க எல்லாம் அங்க. நேர்ல வந்து சொல்ல முடியாததை எல்லாம் நான் பைக்ல ஏத்தி அனுப்புறேன். போன வாரம் ஒருத்தர் அப்பாவுக்குக் கள்ளிச்செடி அனுப்பச் சொன்னார். ஏன்யான்னா, 'அவருக்குத் தண்ணி ஊத்தவே மறந்துடும், எங்களையும் அப்படித்தான் வளர்த்தார்'ங்கிறார்.

ஐசாரியா: அனுப்பினியா?

சலாமா: அனுப்பினேன். அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சாம்.

ஐசாரியா: எல்லாம் சொன்னது சொன்னபடி போய்ச் சேருதா?

சலாமா: ...சேரும்க்கா. தம்பி பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.

ஐசாரியா: நைமான் மாரிக்கி. மம்பா. லூதரன் கோயிலுக்குக் கீழ இறங்குனா முதல் வாழைத்தோட்டம்.

சலாமா: மாரிக்கி... மம்பா...

ஐசாரியா: என்ன, பேனா எழுதலயா?

சலாமா: எழுதுது. நீங்க... நீங்க ஐசாரியா அக்காவா?

ஐசாரியா: என் பேரை நான் சொல்லலயே.

சலாமா: இல்ல... சின்ன ஊருதானே. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

ஐசாரியா: மோஷியில இருக்கிற என்னையுமா?

சலாமா: அவர் போன் நம்பர் குடுங்கக்கா. பைக்காரர் ஷாபானி அண்ணன் போன் போட்டுட்டுப் போவார்.

ஐசாரியா: அதெல்லாம் வேண்டாம்.

சலாமா: அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களே நேர்ல போகலாமே. மம்பா இங்கிருந்து அரை மணி நேரம். இசாலேயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சும்மா போய் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிச்சா...

ஐசாரியா: அந்த வாசலை மிதிக்க மாட்டேன்னு சொன்னவ நான். ஊரே கேட்க.

சலாமா: ஏன் அப்படிச் சொன்னீங்க?

ஐசாரியா: அம்மா செத்தப்போ நான் தூரத்துல, ம்வான்சாவுல இருந்தேன். சேதி வந்ததும் பஸ் ஏறினேன். சிங்கிடா தாண்டி பஸ் நின்னு போச்சு. பொட்டல் காடு. ரோட்டோரம் நின்னு போன் போட்டேன், 'நைமான், அம்மாவை எடுத்துடாதே, நான் வந்துடறேன்'னு. 'சரி அக்கா'ன்னான்.

சலாமா: ம்.

ஐசாரியா: நான் வந்து இறங்குறேன், மண்ணை மேடு கட்டி மாலையெல்லாம் அடுக்கியாச்சு. ஜனங்க சாப்பிட்டுட்டு இருக்காங்க. மழை வர்ற மாதிரி இருந்துச்சாம். போதகருக்கு அன்னைக்கு இன்னொரு அடக்கம் இருந்துச்சாம்.

சலாமா: உங்க தம்பி என்ன சொன்னார்?

ஐசாரியா: தட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னான். அம்மா முகத்தை நான் பார்க்கல சலாமா.

சலாமா: என் பேரு...

ஐசாரியா: போர்டுலதான் இருக்கே. அந்த எடத்துல நின்னு சொன்னேன், நீ இசாலே அனுப்புற வரைக்கும் இந்த வாசலுக்கு நான் வரமாட்டேன்னு.

சலாமா: அவர் அனுப்பலயா?

ஐசாரியா: ரெண்டு வருஷம் ஒரு சேதியும் இல்ல. போன ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஒரு பைக்காரன் வந்தான். நைமான் மாரிக்கி அனுப்பினதுன்னு ஒரு தொட்டியை நீட்டினான். கண்ணாடித்தாள் சுத்தி, ரிப்பன் கட்டி. உள்ள செக்கச் செவேல்னு ஒரு பூ. எண்ணெய் தடவின மாதிரி மினுமினுன்னு.

சலாமா: ஆந்தூரியம்.

ஐசாரியா: அதுக்குப் பேரு அதுவா. அட்டையில அவன் பேரு மட்டும். வேற ஒரு எழுத்து இல்ல. ஆபீஸ்ல பதவி உயர்வு வந்தா மேசையில வைப்பாங்களே, அந்த மாதிரிச் செடி. அம்மா முகத்தைப் பார்க்க விடாதவன் அதை எனக்கு அனுப்புறான். கிண்டல் பண்றான்னு நினைச்சேன். மூணாவது மாடியில இருந்து கீழ போட்டேன்.

சலாமா: ஆனா கையில வாங்கினீங்கல்ல...

ஐசாரியா: வாங்கினேன். பைக்காரன் நோட்டுல கையெழுத்துக்கூடப் போட்டேன். ஏன் கேட்கிறே?

சலாமா: அவரும் அதைத்தான் கேட்டார்.

ஐசாரியா: யாரு?

சலாமா: அக்கா, இந்த ஸ்டூல்ல உட்காருங்க.

ஐசாரியா: நின்னுக்கிறேன். சொல்லு.

சலாமா: உங்க தம்பி இங்க வந்தார். அந்த ஈஸ்டருக்கு முன்னாடி. கடை திறந்து அப்ப ரெண்டு மாசம்கூட ஆகல. கையில ஒரு பழைய எண்ணெய் டின். அதுல... இசாலே. ஒரு இலையில முடிச்சு.

ஐசாரியா: டின்னோட.

சலாமா: 'மோஷியில என் அக்கா கையில குடுக்கணும், வேற யார் கையிலயும் குடுக்கக் கூடாது'ன்னார். அட்டையில என்ன எழுதட்டும்னு கேட்டேன். 'ஒண்ணும் எழுத வேண்டாம், பேரு போதும், அவளுக்குப் புரியும்'னார். வீட்டு வேலியில தோண்டினதுன்னு சொன்னார். உங்க அம்மா நட்ட வேலியாம். அவர் சொன்ன பேரையே எழுதி ரசீது குடுத்தேன்.

ஐசாரியா: மேல சொல்லு.

சலாமா: மறுநாள் காலையில பைக்ல ஏத்துறப்போ பார்த்தேன். டின் ஓட்டையாகித் துருத்தண்ணி ஒழுகுது. பாதி இலை பழுப்பு. அந்த முடிச்சு வேற... ஏதோ பிள்ளைங்க விளையாட்டுல கட்டினதுன்னு நினைச்சேன். எனக்கு என்ன தெரியும்? ஆசையா அக்காவுக்கு அனுப்புறார், இதைப் போயா அனுப்புறதுன்னு... கடையில இருந்ததுலயே அழகான தொட்டி எதுவோ அதை எடுத்து ரிப்பன் கட்டினேன். கூட ஒரு ஷில்லிங் கேட்கல அவர்கிட்ட. நல்லது பண்றேன்னு நினைச்சேன்க்கா.

ஐசாரியா: அந்த டின்?

சலாமா: குப்பையில போட்டேன்.

ஐசாரியா: ம்.

சலாமா: ரெண்டு வாரம் கழிச்சு வந்தார். 'கையில வாங்கினாளா'ன்னார். வாங்கினாங்கன்னு நோட்டைக் காட்டினேன். உங்க கையெழுத்தையே பார்த்துட்டு நின்னார். 'அவ கையெழுத்துதான்'னார். அப்புறமும் வந்தார். ஒண்ணும் கேட்கல. மோஷி பஸ் வர்ற பக்கம் பார்த்துட்டு நிப்பார். போயிடுவார்.

ஐசாரியா: எத்தனை தடவை வந்தான்?

சலாமா: மூணு... நாலு தடவை இருக்கும்.

ஐசாரியா: செடியை மாத்தினதை அவன்கிட்ட சொன்னியா?

சலாமா: அப்ப எனக்கே அது தப்புன்னு தெரியாதே. ஜூன் மாசம் ஒரு கல்யாண வீட்டுல இசாலே கொண்டு வந்தாங்க. பக்கத்துக் கடை அம்மா விளக்கம் சொன்னாங்க. சாப்பாட்டை அப்படியே வச்சுட்டு எழுந்து வந்துட்டேன். அடுத்த தடவை அவர் வந்தா சொல்லிடணும்னு இருந்தேன். அதுக்கப்புறம் அவர் வரவே இல்ல.

ஐசாரியா: மம்பா அரை மணி நேரம்னு இப்பதான் சொன்னே.

சலாமா: பயம்க்கா. வெளியூர்க்காரி. அக்கா தம்பி உறவை அறுத்துட்டான்னு கடையை மூடச் சொல்லுவாங்கன்னு... எட்டு மாசமா தினமும் நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம்னு...

ஐசாரியா: அழாதே. யாராவது வந்துடப் போறாங்க.

சலாமா: திட்டுங்கக்கா. அடிச்சாலும் சரி.

ஐசாரியா: அடிச்சு?

சலாமா: இல்ல, கேளுங்க. நீங்க இன்னைக்கு இங்க வந்ததே நல்லதுக்குத்தான். அவர் மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. அவர் அனுப்பினார், உங்களுக்கு வரல, அவ்வளவுதானே? இதைச் சொன்னா முடிஞ்சுது. நானும் உங்க கூட வர்றேன். அவர் முன்னாடி நின்னு நானே சொல்றேன். ஷாபானி அண்ணே, வண்டியை எடுங்க... அக்கா, கடையைச் சாத்திடறேன், இப்பவே கிளம்பலாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்க இருக்கலாம்.

ஐசாரியா: அவனைப் புதைச்சு இன்னைக்கு ஒன்பது நாள். பெட்டியில வைக்க நான் அவனுக்குக் கோட்டு மாட்டி விட்டப்போ பையில உன் ரசீது இருந்துச்சு. 'இசாலே ஒண்ணு, டின்னோட, அக்கா கையில'ன்னு. அன்னையில இருந்து அதை வச்சுக்கிட்டு அலையறேன். ரசீதுல ஏதோ தப்பா எழுதியிருக்கு, அவன் அனுப்பினது அந்தச் சிவப்புப் பூதான்னு நீ சொல்லிடுவே, கேட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாம்னுதான் பஸ் ஏறி வந்தேன்.