விட்டு விட்டு மூணு தரம்

— மறுபடியும் கேக்கறேன் டீச்சரம்மா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வியாழக்கிழமை காலையில யார் உத்தரவுல சைரனைச் சுத்தினீங்க?

— யார் உத்தரவும் இல்ல சார். நானே முடிவு பண்ணி, நானே சுத்தினேன். என் பேர் மர்சலின். சாந்தோம் தெரு நலச் சங்கத்துக்குக் காரியதரிசி. மூணாவது தடவையா சொல்றேன், குறிச்சுக்குங்க.

— குறிக்கறதுக்கு என்ன அவசரம்? ஒண்ணொண்ணா வருவோம்.

— அவுங்க ஒண்டியா சுத்தல தொரை. சைரன் முக்காலி ஆடாம கெட்டியா புட்ச்சிகினு இருந்தது நானு. அல்போன்ஸு, பட்டினப்பாக்கம். என் பேரையும் எய்திக்கோ.

— உன்னை நான் கூப்பிடலியேப்பா.

— நீ கூப்புடுவியா மாட்டியான்னு குந்திகினு இருந்தா என் பேரு வுட்டுப் பூடும். அதான் நானே வந்துட்டேன்.

— அல்போன்ஸ், சார் பேசட்டும். நீங்க உட்காருங்க சார். அந்த பெஞ்சு வேணாம், இன்னும் ஈரம் காயல. இந்த வாசகசாலைக்குள்ள நெஞ்சளவு தண்ணி நின்னுது. சுவத்துல சேத்துக் கோடு தெரியுது பாருங்க.

— பாத்தேன். ஆனா என் நிலைமையையும் நீங்க பாக்கணும். நூர் முஹம்மதுன்னா ஏ.ஆர்.பி.ல, அதான் இந்த விமானத் தாக்குதல் பாதுகாப்பு ஆபீஸ்ல, கறாரான ஆளுன்னு பேரு. யுத்த காலம் இது. எதிரி விமானம் குண்டு போட வந்தாத்தான் சைரன். அதுக்கும் கன்ட்ரோல் ரூம்லேருந்து போன் வரணும். போன் கெட்டுப் போயிருந்தா அந்த வட்டாரத்து வார்டன் வாய் திறந்து உத்தரவு கொடுக்கணும். ரெண்டும் இல்லாம ஒருத்தர் அந்தக் கைப்பிடியைத் தொட்டா ஆறு மாசம் உள்ள போக வேண்டியிருக்கும். தெரியுமில்ல?

— தெரியும் சார். அந்த விதியைத் தமிழ்ல எழுதி வாசல்ல ஒட்டினதே நான்தான்.

— அப்புறம் என்ன?

— அப்புறம் தண்ணி வந்துது.

— வெள்ளம் வரப் போகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

— அத்த நான் சொல்றேன் தொரை. என் மச்சான் சைதாப்பேட்டையாண்ட ஆத்துல வலை போட்டுகினு இருந்தான். மேல எந்த ஏரியோ ஒட்ச்சிகிச்சு, மாடு கன்னு வைக்கப்போருன்னு எல்லாம் அட்ச்சிகினு வருதுன்னு காத்தால அலறிகினு ஓடியாந்தான். இங்க இன்னாடான்னா ஆத்து வாயில மணலு அடைச்சிகினு கீது. வர்ற தண்ணி கடலுக்குப் போவ வழி இல்ல. எங்க போவும்? எங்க குப்பத்துக்குள்ளாறதான் வரும். நான் வுட்டேன் சவாரி, டீச்சரம்மா ஊட்டுக்கு.

— ஏன் டீச்சரம்மா வீட்டுக்கு? போலீஸுக்குப் போகலாமே.

— போலீஸுகிட்ட போனா பேரு இன்னா, அப்பன் பேரு இன்னான்னு கேப்பாங்கோ. டீச்சரம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்கோ. தண்ணி வர எவ்ளோ நேரம் ஆவும்னு.

— நீ என்ன சொன்னே?

— கோயில்ல ஒரு பூசை முடியற நேரம்னேன்.

— அதுவும் சின்னப் பூசை சார். பிரசங்கம் இல்லாத பூசை. நான் குடையைக் கூட எடுக்கல. மருந்துக்கடைக்கு ஓடினேன், அங்கதான் போன் இருக்கு. தூக்கினா சத்தமே இல்ல. நாலு நாளா கொட்டின மழையில லைன் செத்துக் கெடந்துது. சரி, விதிப்படியே போவோம்னு நேரா வார்டன் வீட்டுக்குப் போனேன்.

— ராஜநாயகம்?

— அவரேதான். ரிட்டயர்டு தாசில்தார். எங்க சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். பன்னெண்டு வருஷமா இந்தத் தெருவுக்கு அவர் வச்சதுதான் சட்டம். தப்பா சொல்லல சார், தெருவுக்குக் குழாய் வந்தது அவர் ஏறி இறங்கினதாலதான். விளக்குக் கம்பம் வந்ததும் அவராலதான். ஆனா காகிதத்துல இல்லாத ஒண்ணு உலகத்துலயே இல்லைம்பார்.

— நீங்க கேட்டதுக்கு என்ன சொன்னார்?

— விதிப் புத்தகத்தைக் கையில எடுத்துக்கிட்டே வெளிய வந்தார். ‘இதுல வெள்ளம்னு ஒரு வார்த்தை காட்டு, இப்பவே உத்தரவு தர்றேன்’னார்.

— காட்டினீங்களா?

— இல்லாததை எப்படிக் காட்டறது? ‘ஐயா, பின் சந்துல பதினேழு வீடு, குப்பத்துல எண்பது குடிசை, கதவு கதவா தட்டிக்கிட்டுப் போக நேரம் பத்தாது’ன்னேன். ‘பொம்பளைங்க கையில காரியத்தைக் கொடுத்தா பதட்டத்துல ஊரைக் கூட்டிடுவீங்க’ன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டார்.

— நீங்க?

— சாத்தின கதவுக்கு முன்னால நின்னு என்ன பண்றது? திரும்பிட்டேன். அல்போன்ஸ் வாசல்லயே நனைஞ்சுக்கிட்டு நின்னான். ‘வா, மாடிக்குப் போவோம்’னேன்.

— டீச்சரம்மா, ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இதான் என் மனசுல முள்ளு மாதிரி நிக்குது. சைரன் கேட்டா ஜனங்க என்ன பண்ணுவாங்க? பதுங்கு குழிக்குள்ள இறங்குவாங்க. ரெண்டு வருஷமா நாங்களே பழக்கி வச்சிருக்கோம். வெள்ளம் வர்ற நேரத்துல ஜனங்களைக் குழிக்குள்ள இறக்கி விட்டா அத்தனை பேரும் பொணமாயிருப்பாங்க. இதை யோசிச்சீங்களா?

— அதைத்தான் சார் முதல்ல யோசிச்சேன். ஆனா வியாழக்கிழமை இல்ல, அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை.

— புரியல.

— சனிக்கிழமை சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டுது. தெருவுல இருக்கற குழியெல்லாம் போய்ப் பாத்தேன். ஒரு நீளக் கழியை விட்டு அளந்தேன். ஒவ்வொண்ணுலயும் தொடை வரைக்கும் தண்ணி. இப்ப நிஜமாவே விமானம் வந்தா குழந்தைங்க இதுலயா இறங்கும்? ராத்திரி பூரா தூக்கம் வரல. ஞாயித்துக்கிழமை காலையில சங்கத்து நோட்டீஸை எழுதினேன். வாராவாரம் ஒண்ணு போடுவோம். குழாய்ல தண்ணி எப்ப வரும், அம்மை குத்தறவங்க எப்ப வருவாங்க, விளக்கை எப்ப மூடணும்னு. இந்த வாரம் ரெண்டே வரி. இதோ இருக்கு, நீங்களே படிங்க.

— ‘சைரன் ஏறி இறங்கி ஒரே மூச்சாய் அலறினால் குண்டு. குழியில் இறங்காமல் வீட்டுக்குள் படிக்கட்டின் கீழ் ஒண்டவும். விட்டு விட்டு மூன்று தரம் அலறினால் வெள்ளம். போட்டது போட்டபடி பள்ளிக்கூட மாடிக்கு ஓடவும்.’ ம். இதுக்கு யாருடைய அனுமதி?

— கேட்டு அனுப்பினேன் சார். ராஜநாயகம் ஐயா உறையைக் கூடப் பிரிக்கல. ‘வார்டன் கையெழுத்து இல்லாதது நோட்டீஸே அல்ல’ன்னு உறை மேலேயே எழுதித் திருப்பி அனுப்பிட்டார்.

— கையெழுத்துப் போடச் சொல்லித்தானே அனுப்பினீங்க?

— அதைத் தெரிஞ்சுக்கறதுக்கும் உறையைப் பிரிக்கணுமே சார்.

— சரி, கையெழுத்து இல்லாமலே ஒட்டிட்டீங்க. குப்பத்துல எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும்?

— அங்கதான் தொரை என் ஊட்டுக்காரி கீறா. ஆனி. தெனம் மீன் கூடைய தூக்கிகினு ‘சங்கரா, வஞ்சிரம்’னு கூவினு போவா. அந்த வாரம் மூணு நாளு ‘சங்கரா, வஞ்சிரம், மூணு தரம் கூவுனா மாடிக்கு ஓடு’ன்னு கூவிகினே போனா. எல்லாரும் கைகொட்டி சிரிச்சாங்கோ. புள்ளைங்க அத்தையே பாட்டா பாடிகினு திரிஞ்சுதுங்கோ. சிரிச்சவங்கோ எவனும் மறக்கல தொரை.

— வியாழக்கிழமை அந்தப் பாட்டுதான் சார் காப்பாத்துச்சு. இதே கட்டடத்து மொட்டை மாடியில மழையில சைரனைச் சுத்தறேன். கைப்பிடி வழுக்குது. ஒரு தரம் சுத்தி நிறுத்தி இருபது எண்ணினேன். ரெண்டாவது தரம். நிறுத்தினேன். அப்ப கீழ தெருவைப் பாத்தா ஒரு ஆள் கூட வெளிய வரல. நான் செத்தேன்னு நெனைச்சேன். எல்லாரும் குழிக்குள்ள போயிட்டாங்களோன்னு.

— நானு முக்காலிய இன்னும் கெட்டியா புட்ச்சிகினேன்.

— மூணாவது தரம் சுத்தி விட்டேன் பாருங்க, பொத்துக்கிட்டு வந்தது ஜனம். அவங்க எண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க சார்! மூணு ஆகற வரைக்கும் வாசப்படியில நின்னு எண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க. அந்த நிமிஷம் எனக்குக் கையில வலியும் தெரியல, ஆறு மாசமும் தெரியல.

— பின் சந்துல யாரோ பிரசவமான பொண்ணுன்னு கேள்விப்பட்டேன்.

— ஜமீலுன்னிசா. குழந்தை பிறந்து ஒன்பது நாள். வீட்டுக்காரர் கப்பல்ல வேலை. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க நாலு பேர் கட்டிலோட அப்படியே தூக்கிக்கிட்டுப் போனாங்க. குழந்தை முழிக்கவே இல்லயாம்.

— அல்ஹம்துலில்லா. குப்பத்துல?

— எம்பது குடிசைல ஒண்ணு கூட நிக்கல தொரை. ஆனா ஆளுங்க அத்தினி பேரும் மாடில கீறாங்கோ. என் கட்டுமரமும் பூட்ச்சி. முக்காலிய புட்ச்சிகினு நின்ன நேரத்துல அத்த இஸ்து மேல போட்டிருக்கலாம். போவட்டும். மரம் வெட்டினா வேற கட்டுமரம் கட்டிக்கலாம்.

— இவ்வளவும் சரி. ஆனா அன்னிக்கு ஒருத்தர் குழிக்குள்ள இறங்கினார், இல்லியா?

— சொல்லணுமா சார்?

— சொல்லுங்க.

— ராஜநாயகம் ஐயா. ‘நான் உத்தரவு தரல, உத்தரவு இல்லாம சைரன் அடிக்காது, அப்ப கன்ட்ரோல் ரூம் சொல்லித்தான் அடிக்குது, இது நிஜமான விமானம்தான்’னு முடிவு பண்ணியிருப்பார். தோட்டத்துக் குழியில தொடையளவு தண்ணியைப் பாத்தும் இறங்கியிருக்கார். புத்தகத்துல குழின்னுதானே போட்டிருக்கு.

— உள்ளாற இருந்து ஈனசுரமா ஒரு கொரலு கேட்டுச்சு தொரை. நான் கடைசியா குப்பத்துப் பக்கம் யார்னா மாட்டிகினு கீறாங்களான்னு பாத்துகினு வர்றேன், கேட்டுச்சு. எட்டிப் பாத்தா கயுத்து வரிக்கும் தண்ணி. ரெண்டு கையும் மேல. கையில அந்த பொஸ்தகம், நனையாம. ‘ஐயா, பொஸ்தகத்தை வுட்டுட்டு என் கைய புடி’ன்றேன், வுட மாட்டேன்றாரு. அப்பால பொஸ்தகத்தோடவே முதுகுல போட்டுகினு வந்தேன்.

— பள்ளிக்கூட மாடியில என்ன பண்ணினார்?

— ஒரு மூலையில உட்கார வச்சோம். ஜமீலுன்னிசா குழந்தையைப் பாத்தார். குப்பத்து ஜனங்களைப் பாத்தார். என்னை மட்டும் பாக்கல. அன்னிக்கு ராத்திரியே காய்ச்சல். தண்ணி வடிஞ்சதும் வீட்டுக்குக் கொண்டு போய்ப் படுக்க வச்சோம். தெனம் கஞ்சி அனுப்பறேன், பாத்திரம் காலியாத் திரும்பி வருது, பேச்சு மட்டும் கிடையாது.

— உங்க மேல கோவமா இருப்பாரோ?

— இருக்கலாம். நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும் சார். புகார் அவர்தான் எழுதியிருப்பார். எழுதட்டும். விதிப்படி நான் செஞ்சது தப்புதான், செய்யலன்னு சொல்ல மாட்டேன். நாளைக்கே மறுபடி தண்ணி வந்தாலும் மறுபடி சுத்துவேன். அதையும் சேத்துக் குறிச்சுக்குங்க.

— இன்னா மன்சன்யா அந்தாளு! முதுகுல சொமந்துகினு வந்த சூடு கூட ஆறல...

— நீ வாயை மூடு அல்போன்ஸு. டீச்சரம்மா, நீங்க சொன்னது சரிதான். நேத்து திங்கக்கிழமை அவர்கிட்டேருந்து ஆபீஸுக்குக் கடுதாசி வந்துது. காய்ச்சல்ல எழுதினது, எழுத்தெல்லாம் நடுங்கியிருக்கு. படிக்கறேன், கேளுங்க. ‘கடந்த வியாழக்கிழமை காலை தொலைபேசி பழுதுபட்டிருந்தபடியால், வட்டார வார்டன் என்ற முறையில், சைரனை ஒலிக்கும்படி வாய்மொழியாக உத்தரவிட்டவன் நானே. காரியதரிசி மர்சலின் அம்மாள் என் உத்தரவை நிறைவேற்றியதன்றி வேறொன்றும் செய்தாரில்லை. இதில் குற்றம் ஏதேனும் இருப்பின் அது என்னையே சேரும். இப்படிக்கு, ராஜநாயகம்.’

— அட அந்தோணியாரே!

— டீச்சரம்மா, கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் கேளுங்க. இதுக்காகத்தான் இவ்வளவு நேரமா யோசிச்சுச் சொல்லுங்க, யோசிச்சுச் சொல்லுங்கன்னு மன்றாடிக்கிட்டு இருக்கேன். நான் இன்னும் ஒரு வரி கூடக் குறிக்கல. இந்தக் கடுதாசி நிஜம்னா எல்லாம் விதிப்படி நடந்திருக்கு, கேஸே கிடையாது. பொய்ன்னா, சர்க்காருக்குப் பொய் எழுதினதுக்காகப் படுத்த படுக்கையா கெடக்கற மனுஷன் மேல நான் நடவடிக்கை எடுக்கணும். கடைசித் தடவையா கேக்கறேன். ராஜநாயகம் உத்தரவு கொடுத்தாரா, இல்லியா?

— கொடுத்தார் சார். வந்து சேரத்தான் நாலு நாள் ஆச்சு.