மேசையல்ல, ஆறாவது சிற்பம்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, கடிதத்துக்கு உடனே பதில் போட்டுவிட்டு வேலையை மட்டும் மறந்துவிடும் கட்டடப் பிரிவுப் பொறியாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணியார் அவர்களே, நம் அருங்காட்சியக ஊழியர்களே, வணக்கம்.

ஐந்து நிமிடம் என்று சீட்டு கொடுத்திருக்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன் என்பது உங்களுக்கே தெரியும்.

நம் காட்சிப் பிரிவு அலுவலர், நாம் முதுகுக்குப் பின்னால் 'நூல்கண்டு' என்றழைத்த பெருமகனார், இன்று நம்மிடையே இல்லை. தோட்டத்தில் தன் சிற்பமாக ஒன்பது இரும்புப் பெட்டிகளை வைக்க மூன்று வாரம் நூல் பிடித்தவர் அவர். பூவேலை கிடையாது, வளைவு கிடையாது, வெறும் பெட்டி. பெட்டி பாதி, நடுவில் விட்ட இடம் பாதி என்பார். பெயர்ப்பலகை வைக்கச் சொன்னோம். "பலகை வச்சா பலகையைப் படிச்சிட்டுப் போயிடுவாங்க" என்றார்.

அங்கேதான் பிடித்தது சனி. பலகை இல்லாத இரும்பு நம் கண்ணுக்கு என்னவாகத் தெரியும்? முதல் பெட்டியில் தரை துடைக்கும் துணி காய்ந்தது. இரண்டாவதற்கு, வேலிக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று பச்சை பெயிண்ட் அடித்தார்கள். பதினேழு கடிதம் எழுதினார். வந்த பதில் என்ன? 'தாங்கள் குறிப்பிட்ட உபரி இரும்புச் சாமான்களை அகற்ற ஆவன செய்யப்படும்.' செவிடன் காதில் சங்கு ஊதினால் பரவாயில்லை. இங்கே சங்கையே பிடுங்கிக்கொண்டார்கள்.

ஊரைச் சொல்வானேன்? கலையைப் பற்றிக் கட்டுரை எழுதிச் சம்பளம் வாங்கும் நானே இரண்டு வாரம் ஆறாவது பெட்டியில் உட்கார்ந்துதான் மதியச் சாப்பாடு சாப்பிட்டேன். ஒருநாள் பின்னால் வந்து நின்றார். "தம்பி, நல்லா சாப்பிடுங்க. ஒரு மணிக்கு இதோட நிழல் போய் ஏழாவதைத் தொடும். அப்ப மட்டும் கொஞ்சம் எந்திரிச்சுக்கங்க." எழுந்தேன். நிழல் நூல் பிடித்தாற்போல் போய்த் தொட்டது. வாயில் இருந்த கவளத்தை மெல்ல மறந்துவிட்டேன்.

இன்று என்ன செய்திருக்கிறோம்? இதோ அவர் படம். அடியில் வெள்ளைத் துணி. துணிக்கு அடியில்? அவர் மனைவி, நம் அண்ணியார்தான் கண்டுபிடித்தார். "தம்பி, அது அவரோட ஆறாவதுங்க" என்றார். விசாரித்தால், படம் வைக்க மேசை கிடைக்கவில்லையாம். மேசை தேட ஆளில்லாத அலுவலகத்தில் இதைத் தூக்க ஆறு பேர்!

இரங்கல் தீர்மானத்தில் 'அன்னாரின் பணியைத் தொடர்வோம்' என்று அச்சாகியிருக்கிறது. எப்போது தொடர்வோம்? அவர் வரைபடம் வைத்ததில்லை. வேலை முடிந்ததும் நூலைச் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பெட்டி இருந்த இடத்தில் மஞ்சளாகிக் கிடக்கும் புல் சதுரம்தான் இப்போது ஒரே சாட்சி. தோட்டக்காரர் நாலு நாள் தண்ணீர் விட்டால் அதுவும் பச்சையாகிவிடும். அப்புறம் எங்கே போய் நூல் பிடிப்பது?

ஆகவே மௌன அஞ்சலி இந்தக் கூடத்தில் வேண்டாம். படத்தை அண்ணியார் வாங்கிக்கொள்ளட்டும். காலையில் தூக்கிய ஆறு பேரும் வாருங்கள். பொறியாளர் அவர்களே, நீங்களும் ஒரு கை கொடுங்கள், கடிதம் வேண்டாம். மணி பன்னிரண்டரை. அந்த மஞ்சள் சதுரத்தில் பெட்டியை வைத்துவிட்டு, நிழல் போய் ஏழாவதைத் தொடும்வரை எல்லோரும் வாய்மூடி நிற்போம்.

நானும்தான்.