பருவுக்கு நேர்ந்த மொட்டை

"பரு போகணும்னு யாராச்சும் மொட்டைக்கு நேந்துக்குவாங்களாம்மா?"

கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கும் பேருந்தில், என் முன்சீட்டுப் பெண் தன் அம்மாவிடம் சீறினாள். வளைவுக்கு வளைவு காற்று முடியைக் கலைத்தது. அவள் அதை இழுத்து இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டே இருந்தாள்.

"இந்த முடிய வச்சுத்தான் மூஞ்சிய மறைக்கிறேன். அதையும் எடுத்துட்டா காலேஜுக்கு எப்படிப் போவேன்?"

"ஒன்னைய யாருடி அடிக்கச் சொன்னா? நான் நேந்தது என் தலைய."

முடியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"அய்யோ, நம்ம பள்ளங்கி ஊரே ஒன்னையத்தானம்மா பாக்கும்!"

"பாக்கட்டும். எனக்கு முடி வளர்ற வரைக்குமாச்சும் ஒன் மூஞ்சிய விட்டுருவாங்கள்ல."